நான்காம் கட்டம்

பொலிஸ் பதிவுப் படிவம், மூன்று பிரதி.
இருபது வருசமாய் நிரப்பிப் பழகிய கை.
இந்த முறை மாடி அறைக்கு
உதைபந்தாட்டக்காரர் மூவர்,
வெள்ளவத்தை, ஹம்டன் ஒழுங்கை.

‘இனம்’ என்ற கட்டத்தில்
நைஜீரியர் என்று எழுதினேன்.
கயோதே சிரித்தான்:
“அது லண்டன் பத்திரிகைக்காரி ஒருத்தி
ஆற்றைப் பார்த்து வைத்த பேர், அக்கா.
நான் யொருபா.”
“ஹவுசா” என்றான் சனூசி.
ஒபின்னா மட்டும்
ஆறிய பால்தேத்தண்ணியில்
ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்.
அறுபத்தாறு, கானோ ரயில் நிலையம்.
பெரியப்பாவை மறித்து
ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டு என்றார்களாம்.
இக்போ நாக்கு அதில் இடறும்.

என்ன சொல்லென்று நான் கேட்கவில்லை.
எங்களுக்கு ஒரு வாளியைக் காட்டினார்கள்,
எண்பத்துமூன்றில், பம்பலப்பிட்டிச் சந்தியில்.
ஆறு வயது, நான் பிழையில்லாமல் சொன்னேன்.
அப்பாவின் வாயில்
முதலெழுத்து எங்கள் ‘ப’வாகவே வந்தது.

கடலோரம் ரயில் போய் முடியும்வரை
சனூசி பேசவில்லை.
“எங்கள் குதிருக்குள்
ஒருவன் பதினொரு நாள் இருந்தானாம்.
அதே தெருவில்தான்
கத்தியும் தீட்டினார்களாம்.”
ஒபின்னா அவன் பக்கம் திரும்பவில்லை.
கோப்பையை மட்டும்
கொஞ்சம் தள்ளி வைத்தான்,
சனூசியின் கைக்கு எட்ட.

வெட்டி, இடுக்கி,
மூன்று சொல்லையும் எழுதிக் கொடுத்தேன்.
கான்ஸ்டபிள் ஒரே கோட்டில் மூன்றையும் அடித்து
‘ஆபிரிக்கா’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

வீட்டுக்காரி வரியை
வெறுமையாய் விட்டிருந்தேன்.
அதை மட்டும்
என் முகத்தைக்கூடப் பாராமல்
சரியாக நிரப்பினார்.