ஒரே விலாசம்

ரியோனி ஆற்றங்கரைச் சந்தைக்குப் பின்னால்
யாரோ கழித்துப் போட்ட துணி துவைக்கும் இயந்திரம்.
அதன் வயிற்றுக்குள் இரண்டு குட்டிகள்,
ஒன்றின் வாய்க்குள் மற்றதன் காது.
ஒன்றைப் பிடித்து இழுத்தால் இரண்டும் வந்தன,
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட காலுறைகள் மாதிரி.

முப்பத்தெட்டு நாள் என்னிடம் இருந்தன.
தடுப்பூசிக்கு ஒன்றைத் தூக்கிப் போனால்
இன்னொன்று சாப்பாட்டை மோந்துவிட்டு
கிண்ணத்தின் மேலேயே குப்புறப் படுத்துக்கொள்ளும்.
அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்:
பிரிக்கக் கூடாது.

குத்தாயிசியில் அட்டையை யார் படிக்கிறார்கள்.
காலையில் நோதார் வந்தார்,
டிராலிபஸ் ஓட்டி ஓய்ந்தவர், தொப்பி கையில்.
கறுப்பு மட்டும் போதும் என்றார்.
இரண்டும் சேர்ந்துதான் என்றேன்.
யோசிக்கிறேன் என்று படிவத்தை நிரப்பிவிட்டுப் போனார்.
மதியம் ஜும்பர் வந்தார்,
பல் செட் செய்கிறவர், நகக்கண்ணில் வெள்ளை மாவு.
அவருக்கு வரிக்குட்டி மட்டும் போதும்.

இரண்டு படிவத்திலும் ஒரே தெரு,
ஒரே பதினேழு, ஒரே குடும்பப் பெயர்.
அண்ணன் தம்பி, ஒரே வீடு,
கூச்சத்தில் தனித்தனியாக வந்திருக்கிறார்கள்
என்று நானே முடிவுகட்டி
இரண்டு முத்திரை குத்தினேன்.
முத்திரை குத்தும் கைக்கு
கேள்வி கேட்கும் வாய் கிடையாது.

பத்தாம் நாள் பார்க்கப் போனேன்.
வாசல் இரண்டு.
உள்ளே மாடிப்படியின் நடுவில்
குறுக்கே அறைந்த பலகை.
அப்பா செத்த வருஷம் அறைந்தது, பதினோரு வருஷம் ஆகிறது,
எல்லாம் ஒரு திராட்சைப் பந்தலுக்காக
என்றாள் எதிர்வீட்டு லாமாரா, நான் கேட்காமலே.

மேலே கறுப்பு,
தரையில் காதை வைத்துப் படுத்திருந்தது.
கீழே வரிக்குட்டி அலமாரி உச்சியில் ஏறி
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது,
மழை ஒழுகும் இடத்தைத் தேடுகிறவன் போல.
இரண்டின் விலாவிலும் எலும்பை எண்ணலாம்.
கோழி ஈரல்கூட வாங்கிக் கொடுத்தேன் என்றார் நோதார்.
கீழே போனால் ஜும்பரும் அதையே சொன்னார்.
கடையும் அதே கடை.

ஞாயிறு வந்து இரண்டையும் எடுத்துப் போகிறேன்
என்று மேலே ஒருமுறை சொன்னேன்,
தெருவில் இறங்கிச் சுற்றி வந்து
கீழே ஒருமுறை சொன்னேன்.
இருவரும்
இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார்கள்.

ஞாயிறு. ஒரே ஒரு கூண்டோடு போனேன்.
கதவைத் திறந்த ஜும்பரின் தலையெல்லாம் சுண்ணாம்பு.
பழைய விறகடுப்பின் புகைக்குழாய்
ஒரு காலத்தில் மாடிக்கு ஏறிப்போன துளை,
தகரம் வைத்து அடைத்திருந்தது,
வாயைத் திறந்துகொண்டிருந்தது.
அதன் கீழே அலமாரி, அலமாரி மேல் நாற்காலி,
நாற்காலி மேல் நிமிர்த்தி வைத்த சூட்கேஸ்.
ஏணியாம்.

தகரத்தைப் பெயர்த்தது யார்?
மேலிருந்துதான் தட்டினார்கள் என்றார் ஜும்பர்.
மாடிக்குப் போய்க் கேட்டேன்:
கீழிருந்து தட்டினார்கள் என்றார் நோதார்.
அவர் கைச்சட்டையிலும் சுண்ணாம்பு.
திரும்பி வந்து தரையில் கிடந்த ஆணிகளைப் பார்த்தேன்.
பாதி இப்படி வளைந்திருந்தன, பாதி அப்படி.

படியின் குறுக்கே பலகை அப்படியேதான் இருந்தது.
அதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

சூட்கேஸின் மேல்
கறுப்பு வால் ஒன்று தொங்கியது,
அதை வரி போட்ட கால் ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது.
முகம் இரண்டும் எங்கோ உள்ளே.
பீன்ஸ் வேகும் வாசனை துளை வழியே மேலே போனது.
மேலிருந்து ஓர் இருமல் கீழே வந்தது.

நான் கூண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.
ஜும்பர் கரண்டியைக் கையிலிருந்து வைக்காமல்,
தலையை நிமிர்த்தாமல்,
கூரையிடம் சொல்வது போலச் சொன்னார்:
"உன்னுது இங்கே சாப்பிட்டாச்சு."

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பானை கொதித்தது.
பிறகு, மேலிருந்து:
"உப்பு போடலையே?"