மூலப் பொதி

வெள்ளி மாலை ஐந்து இருபது.
கிளைபெதா துறைமுகத்தில் காற்று மேற்கிலிருந்து;
எங்கள் நான்காம் மாடி ஜன்னலில்
டேப் ஒட்டிய விரிசல் விசிலடிக்கிறது.

இத்தனை வருடம் ஒரே ஒரு பொதிதான் அனுப்பினோம்.
கம்பைலர் புடைத்துக் கொடுத்ததை
அப்படியே மூடி, எண் போட்டு,
களஞ்சியத்தில் ஏற்றிவிட்டு பீர் குடிக்கப் போவோம்.
இப்போது ரிகாக்காரர்கள் மூலமும் வேண்டும் என்கிறார்கள்,
ஆவணமும் வேண்டும் என்கிறார்கள்.
ஒரே திட்டம், மூன்று பொதி.

பில்ட் கருவி சொல்லாததைச் செய்யாது.
கேட்டதை மட்டும் கட்டும்;
கேட்க மறந்ததைப் பற்றி மூச்சு விடாமல்
'வெற்றி' என்று பச்சையில் எழுதும்.
அதனால் மற்ற இரண்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
பெயர் ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான்,
வால் மட்டும் வேறு:
எங்கள் ஊரில் அப்பா பால்சிஸ், அம்மா பால்சியெனே,
மகள் பால்சீதே என்பதைப் போல.
வாசலில் ஒரே தபால்பெட்டி.

முதல் முறை மூலப் பொதி காலியாக வந்தது.
பெட்டி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.
கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.
காலிப் பெட்டிக்கும் முகம் சுளிக்காமல்
கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தது கருவி.

இரண்டாம் முறை, நம்பாமல் பிரித்துப் பார்த்தேன்.
காற்றுக் கணக்குக் கோப்பு, இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
கிரேன் எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் எண்: 0.7.
பக்கத்தில், இரண்டு சாய்கோடு போட்டு, மந்த்விதாஸ்:

சூத்திரம் 0.9 என்கிறது.
அன்று கீழே நின்றிருந்தது நான்.

அவன் வேலையை விட்டு இரண்டு குளிர்காலம்.
நிதா பக்கம் படகு மோட்டார் பார்க்கிறான் என்று கேள்வி.
பிரிவு விருந்தில் மூன்றாவது கோப்பைக்குப் பிறகும்
அந்த 'அன்று' பற்றி வாய் திறக்கவில்லை.

ஆவணப் பொதியைத் திறந்தேன்.
'இயல்பு மதிப்பு 0.7.' அவ்வளவு.
கம்பைல் ஆன பொதியில் அதுவும் கிடையாது;
இயந்திரத்துக்கு கமெண்ட் என்பது உமி, ஊதித் தள்ளிவிடும்.
எட்டு வருடமாக நாங்கள்
அரிசியைத்தான் அனுப்பியிருக்கிறோம்.

வைதிலே கோட்டு மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.
"அந்த வரியை எடுத்துவிடு.
ரிகாவில் வக்கீல்கள் வாசிப்பார்கள்."
சரிதான். எனக்கும் வக்கீல்களைத் தெரியும்.
"எடுத்தால் யாராவது புத்திசாலி ஒருநாள்
0.9 ஆக்கிவிடுவான்" என்றேன்.
கோட்டின் மேல் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்.
"களஞ்சியத்துக்குப் போனது திரும்பாது, தெரியுமில்லையா?"

தெரியும்.
3.2.0 ஏறினால் ஏறியதுதான்.
பிழை என்றால் 3.2.1 போடலாம், 3.2.2 போடலாம்;
3.2.0-ஐ யாராலும் நடக்காததாக்க முடியாது.
அன்றையதையும்தான்.

விவரக் கோப்பு இல்லாமல் களஞ்சியம் எதையும் வாங்காது:
என்ன உரிமம், எழுதியவர் யார் யார்.
பட்டியலில் என் பெயர், வைதிலே பெயர்,
முன்னாள் மேலாளர் பெயர்கூட இருந்தது.
மந்த்விதாஸ் இல்லை.
சேர்த்தேன். மின்னஞ்சல் முகவரி தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

கடவுச்சொல்லை இரண்டு முறை தவறாக அடித்தேன், விரல் குளிரில்.
மூன்று பொதி, ஒரு விவரக் கோப்பு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து.
எட்டும் வரிசையாக ஏறின.
மூலப் பொதி பாதியில் கொஞ்சம் திணறியது;
அது நெட்வொர்க்.

ஐந்து ஐம்பத்தொன்று.
ஜன்னலுக்கு வெளியே ஏழாம் கிரேன்
பாதித் தூக்கில் நின்றுவிட்டது,
நீலக் கொள்கலன் ஒன்று அந்தரத்தில்.
கேபினில் இருப்பவர் எங்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்:
இந்தக் காற்றுக்கெல்லாமா நிற்பது என்று.

கீழே ஆரஞ்சு உடுப்பில் ஒருவர்
கறுப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டு,
மேலே பார்க்காமல்
கடந்து போனார்.