காஜா பாக்கி

ஒரு வாரம் என்று சொல்லித்தான்
வெட்டுமேசையில் கூடையை வைத்தாள் பெனடிக்டா வக்கீல்.
மதுரை பெஞ்சில் கேஸ். தங்கும் ஹாஸ்டலில் பூனைக்கு இடமில்லை.
அது மாசி.

மூடியைத் திறந்தேன்.
பாளை மார்க்கெட் பூனைகளுக்கு
முடியும் உடம்பும் சேர்ந்தே வரும்.
இதற்கு முடி முதலில் வந்தது,
கொஞ்ச நேரம் கழித்து உடம்பு.
மார்ஷ்மெல்லோ என்று பேர் சொன்னாள்.
எங்கள் வாயில் அது நிற்கவில்லை;
ஒரு வேலையும் செய்யாததால்
ஜமீன் ஆயிற்று.

நான் தைப்பது கறுப்புக் கோட்டு.
கோர்ட்டுப் பக்கம், இருபத்திரண்டு வருஷமாய்,
கறுப்பு மட்டும்.
ஜமீன் வெள்ளை.

முதல் தும்மல் வந்தபோது
உதட்டில் மூன்று குண்டூசி இடுக்கியிருந்தேன்.
இரண்டு கிடைத்தன.
யாரோ உங்களை நினைக்காங்க என்றாள் வெயிலுகந்தாள்.
நாளைக்கு நாற்பது தரம் நினைக்க
உங்களுக்கு யார் இருக்கா என்று
ராத்திரி அதுவே சண்டையாயிற்று.

ஐகிரவுண்டு டாக்டர் சொன்னார்:
முடி இல்லவே, எச்சில்.
அது நக்கி நக்கித் தன்னைச் சுத்தம் பண்ணுது,
காய்ஞ்சு பறக்குது,
உமக்கு மூக்கு ஒழுகுது.
அதன் சுத்தம் என் நோய்.
பேரு?
சொரிமுத்து என்றேன், முழங்கையைச் சொறிந்தபடி.
சீட்டில் எழுதும்போது
அவர் சிரிப்பை விழுங்கியது எனக்குத் தெரியும்.

மாத்திரைக்குத் தூக்கம் வரும்.
ஒரு கோட்டுக்கு இரண்டும் இடது கையாய் வைத்துவிட்டேன்.
கேஸ் ஜெயிச்சுட்டு அண்ணாச்சி,
இருந்தாலும் பிரிச்சுத் தாரும் என்று
கொண்டுவந்து போட்டார் ஒருத்தர்.

கத்திரி வெயிலில் அது நாக்கைத் தொங்கப் போட்டது.
ராமையன்பட்டி ஆஸ்பத்திரி கம்பவுண்டர்
வழிச்சுருமே, உமக்கும் லேசாகும் என்றார்.
வீட்டில் கத்தரியை எடுத்தேன்.
துணி தவிர ஒரு காகிதம்கூட வெட்டாத கத்தரி.
வயிற்றுப் பக்கம் முடியை விலக்கினால்
உள்ளே
ஒரு ஜாக்கெட் பிட்டு அளவுக்குத்தான் பூனை இருந்தது.
அளவு எடுக்கிற பழக்கத்தில் விரல் வைத்தேன்.
துடித்தது.
கத்தரியை அதன் உறையில் போட்டேன்.

ஆனியில் மேல்காற்று.
கணவாய் தாண்டி வருகிற காற்றுக்குக்
குற்றாலத்தில் சாரல் என்று பேர்,
என் கடைக்குள் நுழைந்தால் பூனை என்று பேர்.
பிசின் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு
தோள், காலர், மடிப்பு என்று ஒற்றி எடுப்பேன்.
தையல் அரை மணி, ஒற்றல் ஒரு மணி.
கதவைச் சாத்தி வெளியே படுக்கவைத்தாலும்
மூன்று மணிக்கு எப்படியோ
வால் என் கழுத்தில் கிடக்கும்.
நெஞ்சுக்கு மேலே அது கர்ர் என்னும்,
நெஞ்சுக்கு உள்ளே நான் கர்ர் என்பேன்.
எது யார் என்று
இருட்டில் வெயிலுகந்தாளுக்குப் பிடிபடாது.
இரண்டு பேரையும் சேர்த்து வைவாள்.

ஐப்பசி அடைமழையில்
காலிக் கூடையோடு வந்து நின்றாள் பெனடிக்டா.
இளைத்திருந்தாள். கூடை புதுசு.
பாபின் டிராயருக்குள் இருந்து ஜமீன்
ஒரு காதை மட்டும் திருப்பிற்று.
உங்களுக்கு ஒத்துக்கலைன்னு கேள்விப்பட்டேன்,
ரொம்பச் சங்கடம் குடுத்துட்டேன்,
செலவு எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி?

பதில் வாய்க்கு வருமுன் தும்மல் வந்தது.
ஒன்று. இரண்டு. ஏழு.
கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:
வெள்ளிக்கிழமை வாங்கம்மா.
எல்லாம் முடிஞ்சுது.
காஜா மட்டும் பாக்கி.

கொடியில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தாள்.
நான் கோட்டு எதுவும் குடுக்கலையே அண்ணாச்சி.

தெரியும் என்றேன்.