கால் மாத்திரைக்குக் கீழே

மரைன் டிரைவில் ஜன்னல் இல்லாத அறை.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
நாளுக்கு இரண்டு வாளி கடலைக் கக்கும்,
அதைக் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலைகளில் ஒன்று.

மற்றது, கண்ணாடியை ஒளியால் உழுவது.
உழுவது என்றா சொன்னேன்?
கலப்பை பட்டது மண்ணுக்குத் தெரியும்.
இங்கே அடி விழுந்து முடிந்த பிறகுதான்
சுடலாமா என்று கண்ணாடி யோசிக்கத் தொடங்கும்.
அதற்குள் ஓரிழை ஆவியாகிப் போயிருக்கும்,
பக்கத்து இழைக்குச் சேதியே போகாது.

எவ்வளவு நேரம் அது, என்றார்
காசு தரும் கம்பனிக்காரர்.
ஒரு நொடியைப் பத்துக் கோடிக் கோடியாய் உடைத்து
அதில் இருநூறு துண்டு என்றேன்.
தலையாட்டினார். எனக்கும் அது விளங்கியதில்லை.
பள்ளிக்கூட இலக்கணத்தில்
ஆகச் சிறிய பொழுது மகரக்குறுக்கம், கால் மாத்திரை.
அதற்குக் கீழே இறங்கத் தமிழுக்கு
அலுவல் ஒன்றும் இருக்கவில்லை.

அவர்களுக்கு வேண்டியது மழை ஒட்டாத கண்ணாடி.
துறைமுகத்துக் கேமராக்களுக்கு.
ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் நூறு வரப்புக் கீறி
மேலே ஒரு பூச்சும் பூசிவிட்டால்
துளிக்குக் கால் ஊன்ற இடமிராது, உருண்டுவிடும்.
பெருமழையிலும் முகம் முகமாகவே தெரியும்.
"நல்ல விஷயந்தானே" என்றாள் பஸ்னா.
நல்லதுதான்.
ஒரு காலம், மழை பெய்தால்,
குடையைச் சரித்துப் பிடித்தபடி
சோதனைச்சாவடியைக் கடந்திருக்கிறேன்.
அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
அவளும் தன் குடைகளைப் பற்றி
எனக்குச் சொன்னதில்லை.

ரயில் ஓடும்போது கீறக்கூடாது.
தண்டவாளம் நாற்பது அடியில்.
மேசைக்குக் காற்றடைத்த கால் போட்டும் தப்பவில்லை.
வியாழன் இரவு களுத்துறையில் மரம் விழுந்து
மாத்தறை வண்டி இரண்டு மணித்தியாலம் பிந்தியிருக்கிறது.
நாங்கள் நேரசூசிகையை நம்பித் தொடங்கிவிட்டோம்.
பாதித் தகட்டில் தரை முனகியது.
நிறுத்தும் பொத்தானுக்கு
பஸ்னாவின் கை போய்ச் சேர்வதற்குள்
எத்தனை இலட்சம் அடி!

விடிய, வாசலில் பிடித்துப் பார்த்தோம்.
மீன்கொத்தி முதுகின் நீலம். திருப்பினால் பச்சை.
நடுவில் மட்டும் மங்கலாய் ஒரு கோடு.
ஒரு துளி விட்டேன்.
உருண்டது, உருண்டது,
ரயில் போன இடத்தில் நின்றுவிட்டது.
தட்டிப் பார்த்தேன், கவிழ்த்தும் பார்த்தேன்,
விடவில்லை.
உள்ளே தலைகீழாய்
தந்திக்கம்பி, அவளுடைய முக்காடு, என் மூக்கு.

பதிவேட்டில் "கழிவு" என்று எழுதினாள்.
நேரம், காரணம், கையொப்பம்.
தகடு எங்கே வைக்கப்பட்டது என்ற கட்டத்தை
இருவருமே நிரப்பவில்லை.

தூறல் தொடங்கியிருந்தது.
நூறாம் நம்பர் பஸ் வரும்வரை
காலி வீதியில், கேமராக் கம்பத்தடியில் நின்றோம்.
ஒரு குடைதான்.
சரித்துப் பிடித்திருந்தாள்.