விட்டுப்போன சிவப்பு

காலை ஐந்தரை மணி.
உஷ்பாவின் இரண்டு தலைகளில்
ஒன்றுக்கு மட்டும் விடிந்திருந்தது,
மற்றது இன்னும் ஈயம்.
சட்டகத்தின் மூன்றாம் காலுக்குக் கல் தேடி
(இந்தச் சரிவில் நேராய் நிற்பவை
கற்கோபுரங்களும் பன்றிகளும்தான்)
கித்தானை நிறுத்தி முடிப்பதற்குள்
ஜோக்கியா எட்டு வரிசை அறுத்துவிட்டிருந்தான்.

ஆள் உயரக் காம்பு, கை நீளத் தகடு.
இடுப்பில் மாட்டுக்கொம்பு,
கொம்புக்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் சாணைக்கல்.
இருபது வீச்சுக்கு ஒருமுறை நின்று தீட்டுவான்.
அந்த ஓசைக்கு என் தட்டில் நிறமில்லை.
புல்லுக்கு இருந்தது:
நிற்கும் புல்லுக்கு ஒன்று, விழுந்த புல்லுக்கு ஒன்று,
முந்தாநாள் விழுந்ததற்கு
ஆறிப்போன தேநீரின் நிறம்.

பனி இல்லாத ஆகஸ்டிலும்
இங்கே சறுக்குவண்டிதான்.
சக்கரம் இந்த மலைக்குத் துரோகி,
ஒருமுறை உருண்டால் ஆற்றில்தான் நிற்கும்.
இரண்டு காளைகள்,
ஒரு வீடளவு வைக்கோலை
இழுத்து வருகின்றனவா,
அதனிடமிருந்து தப்பி வருகின்றனவா,
வரைகிற எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

குத்தாய்சியில் ஓட்டல் கட்டுகிறவர் சொல்லியிருந்தார்:
'வரவேற்பறைக்கு. இரண்டு மீட்டர். பழைய வாழ்க்கை.
கம்பி, டிஷ், பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம்.'
முன்பணத்தில் நான்கு மாத வாடகை கட்டிவிட்டேன்.
ஆகவே மின்கம்பிகளை வானம் விழுங்கியது.
நீலத் தார்ப்பாய் பாறையானது.
பூர்ச்ச மரத்தடியில் நின்ற
சிவப்புப் புல்வெட்டி இயந்திரத்தின் மேல்
ஒரு புதர் முளைத்தது.

மூன்றாம் நாள்
பால்வாளியைக் கீழே வைக்காமலே
தாரேஜன் என் பின்னால் நின்றாள்.
"நிக்கோராவை இடப்பக்கம் கட்டியிருக்கிறாய்."
கறுப்பு மாடு வெளிச்சத்தில் நின்றால்தான்
படம் நிற்கும் என்றேன்.
"அவனுக்கு வலக்கண் கிடையாது.
இடப்பக்கம் கட்டினால் லோமா தெரியமாட்டாள்... மாட்டான்."
(காளைக்கு ஏன் பெண்பால் வந்ததோ, அவளே சிரித்தாள்.)
"துணை தெரியாவிட்டால் ஓரடி எடுக்கமாட்டான்.
உன் படத்தில் மூன்று நாளாய் வண்டி நின்றுகொண்டிருக்கிறது."

பிறகு மோவாயால் மரத்தடியைக் காட்டினாள்.
"மெஷின் எங்கே?"

நான் தூரிகையைத் துடைத்தேன்.

"மூன்று வருஷத் தவணை.
கடைசித் தவணைக்கு இரண்டு பன்றி போயிற்று.
கீழ்ச்சரிவு முழுக்க அதுதான் அறுத்தது.
மேலே அது உருண்டுவிடும்,
அதனால்தான் ஜோக்கியா கையால் அறுக்கிறான்.
பழசு என்பதற்காக இல்லை."

படத்துக்கு என்ன விலை என்று கேட்டாள்.
ஒரு பசு விலை என்றேன்.
"கறக்காத பசு" என்று போனாள்.

மதியம் கணவாயைத் தாண்டி மேகம் இறங்கியது.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை, எல்லாரும் ஓடினார்கள்.
யாரோ என் கையில் மரவாரியைத் திணித்தார்கள்.
பல் மேலே பார்க்கப் பிடித்திருந்தேனாம்;
ஒரு சிறுவன் திருப்பிக் கொடுத்தான்.
வாரினேன். முதுகுக்குள் புல் போனது.
பாதியைக் காப்பாற்றினோம்.
மறுபாதி மழைக்கு.

காற்று தள்ளிய கித்தான்
முகங்குப்புறப் புல்லில் கிடந்தது.
எடுத்துப் பார்த்தால்
ஈர வானமெங்கும் விதைகள், தாள்கள்,
உஷ்பாவின் வெள்ளையில் ஒற்றைக் கால் சிக்கி
இன்னும் உதறிக்கொண்டிருந்த ஈ.
ஈயை விடுவித்தேன்.
கால் மலையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மாடுகளை மாற்றிக் கட்டினேன்.
இருண்ட சரிவில் நிக்கோரா கரைந்துபோனான்,
கொம்பும் மூச்சுப்புகையும் மட்டும் மிச்சம்.
அந்தக் கறுப்பை முன்பு நான்
இவ்வளவு நெருங்கியதில்லை.
பிறகு புதரைக் கத்தியால் சுரண்டி
சிவப்புக் குழாயை அடியிலிருந்து உருட்டிப் பிதுக்கினேன்.
கட்டைவிரல் அளவு.
அவ்வளவுதான்,
படத்திலிருந்த பச்சையெல்லாம்
தலைதிருப்பி அதைப் பார்த்தது.

ஓட்டல்காரர் பிடித்தம் செய்வார்.
செய்யட்டும், அல்லது வேண்டாமென்று சொல்லட்டும்,
வாடகையை அப்போது யோசிக்கலாம்.

தாரேஜன் உருளை மூட்டையோடு
நிற்காமல் கடந்தாள்.
"சக்கரம் சின்னது" என்றாள்.

சின்னதாய்த்தான் இருந்தது.
பெரிதாக்கினேன்.