கேட்டால் கையைத் தூக்கவும்

கூண்டோடு விட்டுப்போனாள் நூர் ஆயிஷா,
மஸ்கட்டில் வேலை கிடைத்த அவசரத்தில்.
இரண்டு ஜீப்ரா ஃபிஞ்ச், அரைக் கிலோ தினை.
“ஃபாரின் பறவை, பத்திரம்.”
ஃபாரின்தான்.
முட்டை உடைந்தது பொம்மனஹள்ளியில்,
ஒரு மொட்டைமாடித் தகர டப்பாவுக்குள்.

ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு,
நெஞ்சில் பென்சில் கோடுகள்.
வாயைத் திறந்தால்
மீப், மீப்,
என் ஆடியோமீட்டரேதான்.
பகலெல்லாம் அல்சூர் கிளினிக்கில்
கண்ணாடிக்கு அப்பால் ஆளை உட்காரவைத்து
ஒலியை ஐந்தைந்து டெசிபலாய் இறக்குகிறேன்.
கேட்டால் கையைத் தூக்குங்க, சார்.
கேட்காமலே தூக்குகிறவர்கள் உண்டு,
முக்கியமாய் மருமகள் கூட வந்திருந்தால்.

பால்கனிக்கு வெளியே
வழக்கில் கிடக்கும் மனை.
அண்ணன் தம்பி தகராறு, பதினோரு வருஷம்,
ஆளுயரப் புல்.
விதைக்கு வருகின்றன புள்ளிச் சில்லைகள்.
காபிப்பொடி நிறத் தலை, வயிறெல்லாம் மீன்செதில்.
தாள் வளைந்து தரை தொடும்வரை
தொங்கியபடி தின்னும்.

இதில் ஒரு ஜோடி கிடைக்குமா என்றேன்
சிவாஜிநகர் கடையில்.
“அது உள்ளூர்ப் பறவைம்மா, கூண்டில் வைத்தால் கேஸ்.
வெளியூர்தான் விற்கலாம். எத்தனை வேணும்?”
வோட்டர் அட்டைக்கு அலைந்த வருஷம்
ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
அவருக்குப் புரியவில்லை.

மார்ச் கடைசியில் முதல் மழை.
கூண்டுக்குள் ஆண் பதறியது.
மழை என்றால் கூடு கட்டு:
பார்த்தேயிராத செம்மண் பாலையிலிருந்து
இன்னும் வந்துகொண்டிருக்கும் உத்தரவு.
தண்ணீர் பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்,
தேங்காய்நார் கொடுத்தேன்.
மீப் மீப் மீப்,
மேல்வீட்டுக்காரர் இறங்கி வருமளவுக்கு.

அப்போதுதான் கம்பிமேல் ஒரு சில்லை.
நிமிர்ந்து, வயிற்றிறகு சிலிர்த்து,
அலகைத் திறந்து மூடுகிறது.
தொண்டை துடிக்கிறது.
பாடுகிறது என்று தெரிகிறது.
இன்னொன்று நகர்ந்து வந்து
அதன் அலகருகே தலையைச் சாய்த்து நிற்கிறது.
எனக்கு எதுவும் விழவில்லை.
ஃபேனை நிறுத்தினேன். ஃபிரிட்ஜை நிறுத்தினேன்.
கூண்டின்மேல் துப்பட்டாவைப் போட்டேன்.
மூன்று முழம்கூட இல்லை தூரம்.
ஜனவரியில்தான் சோதித்தது,
இரண்டு காதும் சுத்தம்.
தொண்டை இன்னும் துடிக்கிறது.

பழக்க தோஷம்,
கை தானாக உயர்ந்தது.

இரண்டும் பறந்துவிட்டன.
துப்பட்டாவுக்கு அடியிலிருந்து,
ரொம்ப மெதுவாக,
மீப்?