ஏழாம் விதி

கீழே, களியக்காவிளைச் செக்போஸ்ட்டில்
லாரித் தார்ப்பாயைக் கம்பியால் குத்துகிறார்கள்.
மாடியில், ரப்பர் சொசைட்டியின் மெயில் சர்வரில்
ஏழாம் விதி எழுதுகிறேன்:
லாட்டரி என்ற சொல் இருந்தால் குப்பைக்கு.

மூன்று நாள்
கழுவிக் கவிழ்த்த பால்தட்டு மாதிரி இன்பாக்ஸ்.
நாலாம் நாள் ஏசுவடியான் விளித்தார்:
“பாறசாலைக்காரனுக்க ஆர்டர் வரேல்லியே டே?”

லாகைத் துழாவினேன்.
கிடந்தது.
ஆறு டன் ஷீட்டு, அவசரம்.
பெயருக்குக் கீழே கடை முகவரி:
சாந்தா லாட்டரிக்கு எதிர்வசம்.

குப்பையை அழித்து,
இரண்டு மதிப்பெண் மட்டும் என்று திருத்தி
சர்வரை மறுபடி எழுப்பினேன்.
ஆர்டருக்கு முன்னால் முண்டியடித்து நுழைந்தது
லண்டனிலிருந்து எண்பது லட்சம்.

திரும்பவும் விளிக்கிறார்,
இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி:
“இதையும் ஒருக்கா தொறந்து பாக்கட்டா?”